பனி காய்வதற்குள்

பதினேழாவது லாரி தானியக் கிடங்கின் எடைமேடையில் ஏறி நின்றபோது ஒஃபேலியாவின் கணவர் இறந்து முப்பது மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அவள் திரையில் ஓடி நின்ற எடையைப் பார்த்தாள், சீட்டைக் கிழித்தாள், ஜன்னல் வழியாக நீட்டினாள். லாரியில் இருந்தவர் விர்ஜில். வாயைத் திறந்தால் பல் கொட்டிவிடும் என்பதுபோல வாழ்கிற மனிதர். சீட்டை வாங்கிக்கொண்டவர் வண்டியை எடுக்கவில்லை.

“செபியோ நல்ல மனுஷன்,” என்றார்.

“ஆமா.”

“எங்க கொட்டகை ஃபேன ஜனவரில ரிப்பேர் பண்ணிக் கொடுத்தாரு.”

“சொன்னாரு.”

விர்ஜில் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒன்பது லாரிகள் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றன.

“இன்னும் ஓடுது,” என்றார். அதற்கு மேல் தாங்காது என்பதுபோல வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காலையிலிருந்து இதேதான் நடந்துகொண்டிருந்தது. கோதுமை பழுத்து நிற்கும்போது துக்கம் விசாரிக்க யாருக்கும் வீடு தேடி வர நேரமில்லை. அதனால் ஊர் ஆண்கள் எல்லாரும் லோடு கொண்டுவந்த இடத்திலேயே, ஆளுக்கு ஒரு நிமிஷம், ஜன்னலுக்கு வெளியிலிருந்தே விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரும் செபியோ சரிசெய்து கொடுத்த ஏதோ ஒன்றின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் ஃப்ரீசர் என்றார், ஒருவர் கோயில் ஏசி என்றார், இன்னொருவர் மாமியார் வீட்டு ஹீட்டர் என்றார். கேட்டுக்கொண்டே இருந்தால் இந்த ஊரே அந்த மனுஷன் முடுக்கிவிட்ட ஸ்குரூவில்தான் நிற்கிறதோ என்று தோன்றும். ஒஃபேலியாவுக்கு அது எரிச்சலாகவும் இருந்தது, கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை விடிகாலை, சாய்வு நாற்காலியில், டிவியில் சத்தமில்லாமல் வானிலை ஓடிக்கொண்டிருக்க, செபியோ மூச்சை விட்டுவிட்டார். இரண்டு வருஷமாக நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டு வந்தது. ஆக்ஸிஜன் குழாய், மாத்திரை டப்பா, தூக்கத்தில் மூன்று தடவை எழுந்து தலையணையை உயர்த்திவைப்பது என்று ஒஃபேலியாவின் இரண்டு வருஷம் அதிலேயே போயிற்று. அவர் போனதும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, தூக்கம். நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்து, நாற்பது நிமிஷம் தூங்கிவிட்டாள். எழுந்த பிறகுதான் போன் செய்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று காலை தானியக் கிடங்கின் மேனேஜர் கேலன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். இந்த வாரம் வேலைக்கு வரவே வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தார். சொல்லி முடித்த பிறகும் போகவில்லை.

“நேத்து யாரு உக்காந்தா?” என்று ஒஃபேலியா கேட்டாள். எடைமேடை வேலை தெரிந்த இன்னொரு பெண் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள்.

“நாந்தான்.”

“எத்தன வண்டி நின்னுச்சு?”

“இருபத்தாறு,” என்றார் கேலன். “நான் கேக்க வரல, ஒஃபேலியா. சத்தியமா.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கேலனுக்காக இல்லை, கோதுமைக்காகவும் இல்லை. வீட்டில் அந்த நாற்காலி இருந்தது.

வைஸ்பர்க் என்கிற இந்த ஊருக்கு அவர்கள் வந்து எட்டு வருஷம். ஃபீனிக்ஸில் செபியோ ஏசி மெக்கானிக், ஒஃபேலியாவுக்கு ஹோட்டலில் சலவை வேலை. முதுகு போய் செபியோ படுத்தபோது வீடும் கையைவிட்டுப் போயிற்று. வாடகை வீட்டில் ஏறிய பிறகு வாடகையும் ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் அவர் போனை நீட்டினார். கான்சாஸில், மூன்று படுக்கையறை, பின்னால் தோட்டம், ஒரு பழைய பிக்கப் வண்டி விலைக்கு வீடு.

“ஏதாவது கோளாறு இருக்கும்,” என்றாள் அவள்.

கோளாறு வீட்டில் இல்லை. ஊரில் மொத்தம் முந்நூறு பேர். டாக்டரைப் பார்க்க நாற்பது மைல். நாக்கில் வைக்கிற மாதிரி ஒரு மிளகாய் கிடைக்காது. காற்று ஒரு நாளும் ஓயாது. கடையில் ஒரு வெங்காயம் வாங்கினால் மூன்று பேர் என்ன சமையல் என்று கேட்பார்கள். வாங்கும்போது மலிவாக இருந்த வீடு விற்கும்போதும் அதே மலிவாகத்தான் இருக்கும் என்பது பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது. எதிர்வீடு நான்கு வருஷமாக விற்பனைப் பலகையோடு நிற்கிறது. அந்தப் பலகையே ஒரு தடவை காற்றில் முறிந்து விழுந்து, வேறு பலகை நட்டார்கள்.

செபியோ ஊரோடு ஒட்டிக்கொண்டார். யார் வீட்டில் எது நின்றாலும் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வரும்போது கையில் முட்டையோ இறைச்சியோ இருக்கும். ஒஃபேலியா ஒட்டவில்லை. வேலைக்குப் போனாள், பூசைக்குப் போனாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். மனசுக்குள் ஒரு கெடு வைத்திருந்தாள். இவர் இருக்கும்வரை இருப்போம், இவருக்குப் பிறகு ஒரு ராத்திரிகூட இங்கே தங்கமாட்டேன். நோயாளிப் புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படி நினைப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான் நினைத்தாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு மகள் மரிசேலா வந்து சேர்ந்தாள். ஃபீனிக்ஸிலிருந்து விமானம், அப்புறம் வாடகைக் காரில் மூன்று மணி நேரம். வீட்டில் அம்மா இல்லை. தெருவில் எதிர்ப்பட்ட முதல் ஆளே, இவள் வாயைத் திறப்பதற்கு முன்னால், எடைமேடைக்கு வழி சொல்லிவிட்டார்.

“அம்மா, என்ன பண்ணிட்டு இருக்கே நீ?”

“இந்த ஒரு வண்டிய அனுப்பிடறேன். உள்ள வா.”

கட்டிக்கொண்டு அழுதார்கள். நிறைய நேரம் அழ முடியவில்லை. வெளியே ஒரு லாரி ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. அடித்துத் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

“அப்பா போயி ஒரு நாள்தான் ஆச்சு,” என்றாள் மரிசேலா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “நீ கோதுமை எடை போட்டுக்கிட்டு இருக்கே. யாராவது கேட்டா சிரிப்பாங்கம்மா.”

“இங்க யாரும் சிரிக்கல.”

“இவங்க ஏன் சிரிக்கப் போறாங்க? இவங்க வேலை நடக்குதே.”

ஒஃபேலியா அடுத்த சீட்டைக் கிழித்தாள். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மகள் சொல்வதில் தப்பும் இல்லை.

அந்த நேரம் பார்த்து கேலன் உள்ளே வந்தார். மரிசேலாவுக்குத் தலையசைத்துவிட்டு ஒஃபேலியாவிடம் சொன்னார். “பாதர் போன் பண்ணாரு. இங்கயே அடக்கம்னா வெள்ளிக்கிழமை ஆறரைக்கு வெச்சுக்கலாமாம். எங்கங்கறது உங்க முடிவுதான், அதுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடக்கம் பண்றவங்களுக்கு மட்டும் இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சாகணும்.”

“ஆறரைன்னா வெயில் தாழ்ந்துரும். பரவாயில்ல,” என்றாள் மரிசேலா.

கேலன் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். “காலைல ஆறரைம்மா.”

“காலைல ஆறரைக்கு யாராவது அடக்கம் வெப்பாங்களா?”

“பனி இருக்கும்ல. கதிர் நனைஞ்சிருந்தா அறுப்பு மெஷின் இறங்க முடியாது. காய ஒம்பதரை, பத்து ஆயிரும். அதுக்குள்ளன்னா எல்லாராலயும் வர முடியும். இல்லேன்னா மழை வர்ற வரைக்கும் வெச்சிருக்கணும்.” கேலன் தரையைப் பார்த்தார். “எங்கப்பாவக் காலைலதான் எடுத்தோம். எங்கம்மாவுக்கு மழை கெடைச்சுது.”

அவர் போகும்வரை மரிசேலா பொறுத்திருந்தாள். “எங்கப்பாவப் பொதைக்கக் கோதுமைகிட்ட அனுமதி வாங்கணுமா?” என்று கேட்டாள். “வேண்டாம்மா. நம்ம ஃபீனிக்ஸுக்கே கொண்டுபோயிரலாம். ஆத்தா கல்லறைக்குப் பக்கத்துலயே அவருக்கு இடம் இருக்கு. நீயும் எங்கூட வந்துரு. ஹால்ல சோபா பெட் இருக்கு. கொஞ்ச நாளைக்கு அதுல படுத்துக்கோ, அப்புறம் ஏதாவது பாக்கலாம். இந்த வீட்டப் பூட்டிப் போடு, வித்தா விக்கட்டும்.”

எட்டு வருஷமாக ஒஃபேலியா காத்திருந்த வார்த்தை இதுதான். வந்தும்விட்டது. ஆனால் உள்ளே ஒன்றும் அசையவில்லை. களைத்துப்போனால் நல்ல சாப்பாட்டின் வாசனைகூட ஏறாது இல்லையா, அந்த மாதிரி இருந்தது. “சரி,” என்றாள்.

மரிசேலா போனில் ஃபீனிக்ஸில் அடக்கம் நடத்துகிறவர்கள் அனுப்பிய படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். லாரிகளுக்கு நடுவில் ஒஃபேலியா பதில் சொன்னாள். பிறந்த தேதி. ஞானஸ்நானப் பெயர். பெட்டிக்குள் என்ன உடை.

“பெட்டி தூக்க ஆறு பேரு வேணும்,” என்றாள் மரிசேலா. “சூய் சித்தப்பா.”

“முட்டில ஆபரேஷன் பண்ணிட்டு வாக்கர் புடிச்சு நடக்கறாரு.”

“சரி, அவரு பேருக்கு நிக்கட்டும். சித்தப்பா பையன் ரெண்டு பேரு. அப்புறம் டேவிட்.”

“எந்த டேவிட்? ஒன்னோட டேவிட்டா? விட்டுட்டுப் போயி மூணு வருஷம் ஆச்சேடி.”

“வருவான்மா. அவனுக்கு அப்பான்னா பிடிக்கும்.” மரிசேலா விரலை மடக்கினாள். மூன்றுக்கு மேல் மடங்கவில்லை. “மீதிக்கு அவங்களே ஆள் வெச்சுருவாங்களாம்.”

“யாரு?”

“அடக்கம் பண்றவங்கதான். கோட்டு போட்ட ஆளுங்க. நல்லாத்தான் தூக்குவாங்க.”

அடுத்த லாரி ஏறி நின்றது. நார்பர்ட். எழுபது வயசு, இரண்டு பக்கமும் சூரியன் தின்ற காதுகள். கோயிலில் அவர்களுக்கு முன் பெஞ்சில் உட்காருபவர். எட்டு வருஷத்தில் அவருடைய பிடரியைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். சீட்டை நீட்டினாள். அவர் பிடித்த பிறகும் அவள் விடவில்லை.

“நார்பர்ட், வெள்ளிக்கிழமை காலைல ஆறரைக்குச் செபியோவத் தூக்க வர்றீங்களா?”

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. நார்பர்ட் முதலில் அவளைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

“பனி ஒம்பது வரைக்கும் நிக்கும்,” என்றார். “வர்றேன்.” லாரியைக் கியரில் போட்டவர் மறுபடி நிறுத்தினார். “எனக்கு இடது கை தூக்க வராது. வலது கையால புடிக்கற பக்கமாப் பாத்துப் போடுங்க.”

மரிசேலா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். “அம்மா.”

“எழுதிக்கோ,” என்றாள் ஒஃபேலியா. “நார்பர்ட். வலது கை.”

அடுத்த லோடை இறக்கிவிட்டு விர்ஜில் காலி லாரியோடு எடை போட வந்தார். கேட்டதும் தலையை ஆட்டினார், அதோடு சரி. ரைடல் சகோதரர்கள் இருவரும் ஒரே வண்டியில் இருந்தார்கள். மூத்தவர் தம்பியைக் கேட்காமலே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒத்துக்கொண்டார். கேலனை அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறாவது ஆளாக அலோய்ஸ் வந்தார். அவருடைய வயல் தாழ்நிலத்தில் இருக்கிறது. ஊரிலேயே அதிகம் பேசுகிறவர், அதிகம் சிரிக்கிறவர். போன கோடையில் அவருடைய மெஷின் ஏசிக்காக செபியோ ஆக்ஸிஜன் குழாயோடு போய் உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு வந்தார். அலோய்ஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“இதக் கேக்கணுமா, ஒஃபேலியா? செபியோவுக்கு நான் வராம வேற எவன் வருவான்?” என்று சொல்லி ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். காலையிலிருந்து வந்த ஆண்களில் அழுதவர் அவர் ஒருவர்தான்.

ஆறு பெயரும் எழுதியாயிற்று. மரிசேலா போனைப் பைக்குள் வைத்தாள்.

“அப்ப நீ வரல,” என்றாள்.

“அப்படி நான் சொல்லலையே.”

“அவர இங்க வெச்சுட்டு நீ எங்க வருவே?”

அடுத்த லாரி வந்துவிட்டது. அது நல்லதாகப் போயிற்று.

வியாழக்கிழமை சாயங்காலம் கோயிலில் ஜெபமாலை. வந்தவர்கள் பெண்கள் மட்டும்தான். ஆண்கள் எல்லாம் வயலில் இருந்தார்கள். முடிந்ததும் பெர்னடீன், கோயில் சமையலறையைப் பார்த்துக்கொள்கிற பெண், ஒஃபேலியாவை ஓரமாக அழைத்துக்கொண்டு போனாள்.

“சாப்பாட்டுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சேன். காலைல ஏழரைக்கு உருளைக்கிழங்கு சாலட் வெச்சா எவன் திம்பான்? கோஸும் இறைச்சியும் வெச்சு நூத்தி இருபது பன்னு சுட்டாச்சு. கைல எடுத்துட்டு வயலுக்குப் போயிருவாங்க. செபியோ தப்பா நெனைக்க மாட்டாருல்ல?”

“அவரு எதையாவது தின்னுட்டே போறவருதான்.”

“அதான் நானும் சொன்னேன்.” பெர்னடீன் அவள் தோளைத் தொட்டாள். “நாளைக்கு மத்தியானம் ஆலங்கட்டி மழைன்னு டிவில சொல்றான். நீ மனச ஒழப்பிக்காதே. அது மத்தியானத்துக்கு மேலதான். காலைல பனி இருக்கும், எல்லாரும் வந்துருவாங்க.”

வெள்ளிக்கிழமை, பொழுது வெளுத்துக்கொண்டிருந்தபோது, ஒஃபேலியா பின்கதவைத் திறந்து புல்லில் கால் வைத்தாள். பாதம் நனையவில்லை. குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. இரவெல்லாம் தெற்கிலிருந்து சூடான காற்று அடித்திருக்கிறது. தூக்கத்தில் அவளுக்கும் கேட்டது, எப்போதும் அடிக்கிற காற்றுதானே என்று விட்டுவிட்டாள். பனி இறங்கவே இல்லை. கிழக்கே தூரத்தில் இரண்டு மெஷின்களின் விளக்குகள் இப்போதே நகர்ந்துகொண்டிருந்தன.

ஊரே பனியை நம்பி வாக்குக் கொடுத்திருந்தது. கதிர் காய்ந்து நிற்கிறது, மத்தியானம் ஆலங்கட்டி, நடுவில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். வருஷம் பூராவும் போட்ட உழைப்பு அந்த ஏழெட்டு மணி நேரத்தில் கிடக்கிறது. இதில் எவன் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கோயிலுக்கு வருவான்? அவர்கள் இடத்தில் இருந்தால் அவளே வரமாட்டாள். ஃபீனிக்ஸ் என்றால் கோட்டு போட்ட ஆட்களாவது இருந்திருப்பார்கள். இங்கே பெட்டியைத் தூக்க ஆளில்லாமல் நிற்கப் போகிறது, அதை மரிசேலா பார்க்கப் போகிறாள். செபியோ இந்த ஊருக்கு என்ன ஆள் என்பது இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்லார் முன்னாலும் தெரிந்துவிடும். எட்டு வருஷம் அந்த மனுஷன் வீடு வீடாகப் படியேறி இறங்கியதற்கு இதுதான் பதில் என்றால், அவரை இந்த மண்ணில் போட நினைத்தது அவள் செய்த தப்பு.

மகளிடம் எதுவும் சொல்லவில்லை. “நல்ல காத்தா அடிக்குது,” என்றாள் மரிசேலா, காரில் ஏறும்போது.

கோயில் வாசலில் லாரிகள் நின்றன. கார்களைவிட லாரிகளே அதிகம். சிலதில் பாதி லோடு அப்படியே கிடந்தது. பெஞ்சுகள் நிறைந்துவிடவில்லை என்றாலும் பாதிக்கு மேல் ஆள் இருந்தது. நார்பர்ட் கோட்டு போட்டு வந்திருந்தார், கோட்டுக்குக் கீழே வேலை செய்கிற பூட்ஸ். விர்ஜிலின் புருவத்தில் உமி ஒட்டியிருந்தது. ஒஃபேலியா பெட்டி தூக்குகிறவர்களை எண்ணினாள். ஐந்து.

கேலன் பக்கத்தில் வந்தார். “அலோய்ஸ் விடிகாலை மூணு மணிக்கே மெஷின இறக்கிட்டானாம்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “போன ரெண்டு வருஷமும் ஆலங்கட்டி அவன் நிலத்துலதான் விழுந்துச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா அவன் கதை முடிஞ்சுது.” மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். சுற்றி நின்றவர்களும் அலோய்ஸை ஒரு வார்த்தை திட்டவில்லை.

“அவரு பிடி எது?” என்று மரிசேலா கேட்டாள்.

“இடது பக்கம், நடுவுல.”

அவள் கைப்பையை அம்மாவிடம் கொடுத்தாள்.

“கனமா இருக்கும்மா,” என்றார் நார்பர்ட்.

“எங்கப்பாதானே,” என்று சொல்லி அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள்.

பாதர் பிரசங்கத்தை நான்கு வரியில் முடித்தார். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, மூன்று பக்கமும் கோதுமை. பெட்டியைக் கயிற்றில் வைத்தார்கள், பாதர் ஜெபம் சொல்லி மந்திரித்தார், இறக்கினார்கள். ஒஃபேலியா ஒரு பிடி மண் போட்டாள், மரிசேலா போட்டாள். ஏழரைகூட ஆகவில்லை. சூரியன் அதற்குள் பிடரியில் சுட்டது.

எல்லாம் முடிந்துவிட்டது. யாரும் அசையவில்லை.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. செத்தவரின் மனைவி கிளம்பாமல் இங்கே ஒருவரும் கிளம்பமாட்டார்கள். நாற்பது ஐம்பது பேர் தங்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவளுக்கோ இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்போல் இருந்தது. செவ்வாய்க்கிழமை தரையில் தூங்கிய அந்த நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு அவரோடு அவள் தனியாக இருக்கவே இல்லை. கோதுமை, மகள், படிவம், பெர்னடீன் என்று நாள் ஓடிவிட்டது. குழிக்குள் அவர் இருக்கிறார், மேலே அவள் இருக்கிறாள், ஒரு பத்து நிமிஷம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும். அதைக்கூடவா தரமாட்டார்கள் என்று நினைத்தாள். அவர்கள் தந்துகொண்டுதான் இருந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, மணி பார்க்கவில்லை. சாயங்காலம்வரை அவள் நின்றாலும் அப்படியே நிற்பார்கள்போலத் தெரிந்தது.

அப்போது வேலி ஓரமாக நின்ற நார்பர்ட்டின் கை, அவரைக் கேட்காமலே, வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஒரு கதிரைக் கிள்ளியது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, உமியை ஊதி, ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தார். டக்கென்று சத்தம் கேட்டது. அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்டது. ஐம்பது பேரும் தலையைத் திருப்பாமல் அவரைப் பார்த்தார்கள். என்ன செய்தோம் என்று அப்போதுதான் நார்பர்ட்டுக்கு உறைத்தது. காதுவரை சிவந்துபோய், மூடிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஒஃபேலியா அவரிடம் போனாள். கையை நீட்டினாள். அவர் தயங்கிவிட்டு முன்னால் கொண்டுவந்து விரித்தார். ஏழெட்டு மணிகள் இருந்தன. அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடவாய்ப்பல்லில் வைத்துக் கடித்தாள். இரண்டாகப் பிளந்தது.

“காஞ்சிருச்சு,” என்றாள். “கிளம்புங்க.”

நார்பர்ட் அசையவில்லை. “நீங்க மொதல்ல,” என்றார்.

அவள் குழிப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் போகமுடியாது என்று தெரியும். நேராகக் காரை நோக்கி நடந்தாள். மரிசேலா பின்னாலேயே ஓடிவந்தாள்.

“அம்மா, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கலாமே. அப்பாவத் தனியா விட்டுட்டு—”

“ஏறுடி,” என்றாள் ஒஃபேலியா. “அத்தன பேரு நிக்கறாங்க.”

கார்க் கதவு சாத்திய சத்தத்துக்குப் பின்னால் இன்ஜின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பெர்னடீன் வாசல் கேட்டில் நின்று ஒவ்வொரு லாரிக்குள்ளும் காகிதப் பையைத் திணித்துக்கொண்டிருந்தாள். ஒஃபேலியா சாலைக்கு வந்ததும் வலது பக்கம் திருப்பினாள்.

“வீடு அந்தப் பக்கம்,” என்றாள் மரிசேலா. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடைமேடைக்கு முன்னால் ஒரு லாரி ஏற்கெனவே நின்றது. மேல்வரை லோடு. அலோய்ஸ் இறங்கி வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் தூசி, அதில் கண் மட்டும் ஈரமாக இருந்தது. அவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். அலோய்ஸுக்குப் பேச்சு வராமல் போனதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“ஒஃபேலியா, நான்...” என்றார். திரும்பவும், “நான்...” என்றார்.

கல்லறையில் கடித்த கோதுமை இன்னும் ஒஃபேலியாவின் வாயிலேயே இருந்தது. மென்று மென்று அது மாவாகி, மாவு பசையாகி, பல்லோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் பூட்டைத் திறந்தாள், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், ஜன்னலைத் தள்ளிவிட்டாள். கையால் வா என்றாள். அலோய்ஸ் தொப்பியை மாட்டிக்கொண்டு ஏறினார். லாரி மெதுவாக எடைமேடைக்கு வந்தது. கல்லறைச் சாலையில் மற்ற லாரிகள் வயல்களுக்குப் பிரிந்துபோன புழுதி இன்னும் அடங்கவில்லை.

மரிசேலா கதவருகில் நின்றாள். அப்பாவின் பெட்டியைப் பிடித்த கையை இன்னொரு கையால் நீவிக்கொண்டிருந்தாள்.

ஒஃபேலியா அந்தக் கோதுமையை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. மென்றுகொண்டே, எடை எண்கள் ஓடி நிற்பதற்காகக் காத்திருந்தாள்.